முயல் ஓடையின் பதிவேடு

பள்ளியில் எங்களுக்கு எல்லாம் பிரெஞ்சுதான். ஜாக் லண்டனின் நாவலைக்கூட 'லப்பெல் த லா ஃபொரே' என்ற பெயரில்தான் படித்தேன். கதாநாயகனான நாயைவிட, அந்தப் பனி நாட்டுத் தங்கம்தான் என் மனதில் தங்கியது. ஓய்வு பெற்றபின் அதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன். குமாஸ்தா புத்தி போகுமா? பதிவேட்டுச் சங்கதிகள்தான் முதலில் கண்ணில் பட்டன.

கனடாவின் வடமேற்குக் கோடியில் யூகான் பிரதேசம். அங்கே க்ளோண்டைக் ஆற்றில் கலக்கும் ஒரு சிற்றோடைக்கு முயல் ஓடை என்று பெயர். 1896 ஆகஸ்டில் அதில் தங்கம் அகப்பட்டது. உடனே பெயரும் பொனான்ஸா என்று மாறிவிட்டது.

மலைப் பாறையிலிருந்து தண்ணீர் அரித்துக் கொண்டுவந்த தங்கம் சரளையோடு கலந்து, கனமானதால் அடிப்பாறை மேல் படிந்து கிடக்கும். எடுப்பதுதான் பாடு. நிலம் வருஷம் முழுவதும் உறைந்தே இருக்கும். குளிர்காலத்தில் இரவெல்லாம் விறகெரித்து மண்ணை இளக்கி, காலையில் வெட்டி, மறுபடி நெருப்பு மூட்டுவார்கள். இப்படியே குழி இறங்கும். மேலே குவித்த மண்ணில் எவ்வளவு தங்கம் என்பது, கோடையில் ஓடை உருகி, மரக்கால்வாயில் போட்டு அலசும்போதுதான் தெரியும். அதுவரை கடன்தான்.

ஓடை நெடுக ஆளுக்கு 500 அடி என்பது விதி. அவசரத்தில் முளையடித்தவர்கள் அளவை எங்கே பார்த்தார்கள்? தகராறு முற்றியது. அரசாங்க சர்வேயர் வில்லியம் ஓகில்வி அந்தக் குளிரில் சங்கிலி பிடித்து அளந்தார். ஒருவரது நிலத்தில் 86 அடி மிச்சம் வந்தது. சங்கிலி பிடித்த டிக் லோ என்ற வேலையாள் அரைமனதோடு அதைத் தன் பேரில் எழுதிக்கொண்டான். 900 டாலருக்கு விற்கப் பார்த்தான், வாங்க ஆளில்லை. பிறகு தோண்டினான். ஏறக்குறைய ஐந்து லட்சம் டாலர் தங்கம் வந்ததாகச் சொல்கிறார்கள்.

இதில் நான் வணங்குவது ஓகில்வியை. எந்தத் துண்டு எவ்வளவு என்று அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்? ஆனாலும் தமக்கென்று ஓர் அடிகூட அவர் பதிந்துகொள்ளவில்லை. ஆபீசில் இருந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

மனதை உறுத்தும் பதிவும் ஒன்று உண்டு. முதலில் தங்கத்தைக் கண்டவர் யார்? ஜார்ஜ் கார்மாக் என்ற வெள்ளைக்காரர், தாமே என்றார். தாகிஷ் பழங்குடியினரோ, அவருடைய மைத்துனர் கெய்ஷ்தான் என்கிறார்கள். ஸ்கூக்கம் ஜிம் என்று வெள்ளைக்காரர்கள் அழைத்தது இவரைத்தான். கண்டுபிடித்தவருக்கு இரண்டு துண்டு, மற்றவருக்கு ஒன்று. பழங்குடி ஆள் பெயரில் எழுதினால் செல்லாது என்று சொல்லி, கார்மாக் தம் பெயரில் பதிந்துகொண்டார். 1900 வாக்கில் மனைவி கேட்டையும் கைவிட்டார். கேட், கெய்ஷின் உடன்பிறந்தவள்.

1897 ஜூலையில் தங்கம் ஏற்றிய 'போர்ட்லண்ட்' கப்பல் சியாட்டில் சேர்ந்ததும், சுமார் ஒரு லட்சம் பேர் வடக்கே புறப்பட்டார்கள். போய்ச் சேர்ந்தவர்கள் பாதிகூட இல்லை. அதற்குள் நல்ல துண்டுகளெல்லாம் பதிவாகியிருந்தன. க்ளோண்டைக் முகத்துவாரத்தில் காலங்காலமாக மீன் பிடித்து வந்த ஹான் மக்கள், ஆற்றின் கீழே மூஸ்ஹைட் என்ற இடத்துக்குப் போக வேண்டியதாயிற்று. அவர்களுக்கு எந்தப் பதிவேடும் இல்லை.

கெய்ஷ் 1916இல் இறந்தார். தம் சொத்தை யூகான் பழங்குடி மக்களின் நலனுக்கென்று உயில் எழுதி வைத்துவிட்டுப் போனார்.