உப்பன்று, செம்பு

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் வெளிவிடும் செறிந்த உவர்நீரின் உப்பே கடலுயிர்களை அழிக்கிறது என்பது பலரும் கொண்ட எண்ணம். அமெரிக்காவின் தீவு நகரமான கீ வெஸ்டின் வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது.

அத்தீவு மக்கள் நெடுங்காலம் கூரையில் விழும் மழைநீரைத் தொட்டிகளில் சேர்த்தே வாழ்ந்தனர். 1942-இல் கடற்படை ஏறத்தாழ 130 மைல் நீளக் குழாய் அமைத்துப் பெருநிலத்து நீரைக் கொணர்ந்தது. அதுவும் போதாமற்போகவே, 1967-இல் அண்டையிலுள்ள ஸ்டாக் தீவில், நாளொன்றுக்கு ஏறத்தாழ 26 இலட்சம் கேலன் நன்னீர் தரும் ஆலை இயங்கத் தொடங்கியது. சூடாக்கிய கடல்நீர், அழுத்தம் படிப்படியாகக் குறையும் அறைகளுள் புகுந்ததும் சட்டென ஆவியாகும்; அவ்வாவி குளிர்ந்தால் நன்னீர். எஞ்சிய வெந்நீர் கடலுக்கே திரும்பியது.

1970-களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் செஷர் என்னும் ஆய்வாளர் அவ்விடத்துக் கடலடியை ஆராய்ந்தார். உயிரின வகைகள் வெகுவாகக் குறைந்திருந்தன. ஆயினும், கடலடியைத் தொட்ட நீரின் வெப்பம் இயல்பைவிட அரைப் பாகைக்கு மேல் ஏறவில்லை. உப்பும் ஆயிரத்தில் அரைப் பங்கு அளவே மிகுந்திருந்தது. செம்போ அடிக்கடி ஐந்து முதல் பத்து மடங்கு! ஆலைக்குள்ளிருந்த உலோகம் அரிக்கப்பட்டுக் கரைந்து வந்த செம்பு அது. ஆலையைப் பழுதுபார்க்க நிறுத்தி மீண்டும் இயக்கிய நாள்களில் கேடு உச்சத்தை எட்டியது. தம்மை இறுக மூடிக்கொள்ளவோ, நச்சு மிகும் வேளையில் விலகிச் செல்லவோ வல்ல உயிர்கள் மட்டும் அங்கே பெருகியிருந்தன. ஓர் உயிரினம் மிகுந்திருப்பதைக் கண்டு கடல் நலமாயிருக்கிறது என்று கருதுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆலையின் அரிமானக் குறை நீக்கப்பட்டதும் செம்பு குறைந்தது; உயிர்களும் மெல்லத் திரும்பலாயின.

இதனால் உப்பு எங்கும் குற்றமற்றது என்று தீர்ப்பளித்துவிடலாகாது. 2005-இல் சிங்கப்பூரின் துவாஸில் தொடங்கிய ஆலையைப் போன்ற சவ்வு முறை ஆலைகளில் கொதிகலனுக்கு வேலையில்லை. அவை விடும் உவர்நீர் கடல்நீரினும் கனமானது. நன்கு கலக்காவிடில் அடியில் படியும். மத்தியதரைக் கடலின் பொசிடோனியா என்னும் கடற்புல்லோ உப்பின் சிறு உயர்வையும் தாங்காது.

அவ்வுவர்நீரைக் கடலில் விடாமலே பயன்கொள்ளவும் வழியுண்டு. இஸ்ரேலின் எய்லாத் நகரில் 1997 முதல் அதனைக் கடல்நீருடன் கலந்து உப்பளங்களுக்குப் பாய்ச்சி உப்பு விளைவித்தனர். கீ வெஸ்டின் செம்பு கலந்த நீரை எந்த உப்பளத்தார் ஏற்றிருப்பர்?