ஒரு கலத்தின் வரலாறு: ரொறன்ரோ முதல் வேலூர் வரை

மனித உடலிலுள்ள செங்குழியம் ஒன்றின் ஆயுள் ஏறக்குறைய 120 நாட்களே. அழியும் குழியங்களுக்கு ஈடாக நொடிதோறும் ஏறத்தாழ இருபது இலட்சம் புதிய செங்குழியங்கள் என்பு மச்சையில் தோன்றுகின்றன. ஓயாத இவ்வாக்கத்துக்கு ஊற்றுக்கண்ணாய் விளங்குவது யாது? இவ்வினாவுக்கு விடை கண்ட வரலாறு, நோயாளியின் கட்டிலும் விஞ்ஞானியின் ஆய்வுகூடமும் ஒன்றையொன்று நாடி நின்ற வரலாறாகும். அதன் ஓர் அத்தியாயம் தமிழகத்து வேலூரிலே எழுதப்பட்டது என்பதை நம்மவருட் பலர் அறியார்.

1945 இல் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் குண்டுவீச்சுக்குத் தப்பியோருட் பலர், சில வாரங்களின் பின் குருதிக் குழியங்கள் குன்றி மாண்டனர். கதிர்வீச்சு அவர்தம் என்பு மச்சையை அழித்திருந்தது. இதன்பின் மச்சை பற்றிய ஆய்வு விரைவு பெற்றது. நலமுள்ள மச்சையை ஏற்றினால் கதிர்வீச்சுக்குட்பட்ட எலி பிழைக்கும் என்பது 1950களில் தெளிவாயிற்று. அமெரிக்க மருத்துவர் டொனல் தோமஸ் மனிதருக்கு மச்சை ஏற்றிய தம் முயற்சிகளை 1957 இல் வெளியிட்டார். ஆயின் அந்நோயாளருக்கு நிலைத்த பயன் கிட்டவில்லை. ஏற்றப்பட்ட மச்சையில் உயிர்காப்பது எக்கலம் என்பதை அப்பொழுது எவரும் அறிந்திலர்.

அக்கலத்தை இனங்காண வழி வகுத்தோர் ரொறன்ரோவிலிருந்த ஒன்ராறியோ புற்றுநோய் நிறுவகத்தைச் சேர்ந்த இருவர். எர்னஸ்ட் மக்கலக் நகரத்தில் வளர்ந்த மருத்துவர்; ஜேம்ஸ் டில் மேற்குக் கனடாவின் வேளாண் குடும்பத்திற் பிறந்த உயிர்ப்பௌதிகவியலர். கதிர்வீச்சை மச்சைக் கலங்கள் எவ்வளவு தாங்கும் என அளப்பதே அவர்தம் நோக்கம். கதிர்வீச்சுக்குட்பட்ட எலிகளுக்கு மச்சைக் கலங்களைச் செலுத்திப் பத்து நாட்கள் சென்றபின், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆய்வுகூடத்துக்கு வந்த மக்கலக், எலிகளின் மண்ணீரலில் சிறு முண்டுகளைக் கண்டார். அவற்றை எண்ணினார். செலுத்திய கலங்களின் தொகை கூடக் கூட முண்டுகளின் தொகையும் அதே விகிதத்திற் கூடியது. ஏறத்தாழ 10,000 கலங்களுக்கு ஒரு முண்டு. 1961 இல் கதிர்வீச்சு ஆய்வுச் சஞ்சிகையொன்றில் இம்முடிவு வெளிவந்தது.

முண்டு ஒவ்வொன்றும் ஒரு தனிக்கலத்தின் வழித்தோன்றலோ என்ற ஐயத்தை, 1963 இல் அவர்தம் மாணவர் அன்ட்ரூ பெக்கர் தீர்த்தார். கதிர்வீச்சினாற் சிதைந்த நிறமூர்த்தத்தை அடையாளமாகக் கொண்டு நோக்கியபோது, ஒரு முண்டிலுள்ள கலங்கள் யாவும் ஒரே அடையாளத்தைத் தாங்கி நின்றன. தன்னைத் தானே பெருக்கவும், பல்வகைக் குழியங்களாக மாறவும் வல்ல குருதி மூலக்கலம் உண்டு என்பது இவ்வாறு நிலைநாட்டப்பட்டது. அம்முண்டுகளுட் பலவற்றைத் தோற்றுவித்தவை மூலக்கலத்துக்கு அடுத்த படியிலுள்ள கலங்களே எனப் பிற்கால ஆய்வுகள் திருத்தின. 1988 இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் இர்விங் வைஸ்மன் குழுவினர் எலியின் மூலக்கலத்தைப் பிரித்தெடுத்தனர். எனினும் ஒரு கலத்தை அதன் தோற்றத்தாலன்றி அதன் வழித்தோன்றல்களால் அறிதல் வேண்டும் என்னும் முறை ரொறன்ரோவின் கொடையேயாம். டில், மக்கலக் இருவரும் 2005 இல் லாஸ்கர் விருது பெற்றனர். மக்கலக் 2011 இல் மறைந்தார்.

அறிவு தெளிவுற்று வந்த அக்காலத்திலேயே சிகிச்சையும் முதிர்ந்தது. இழையப் பொருத்தம் பார்த்து உடன்பிறந்தார் மச்சையை ஏற்றும் முறை வளர்ந்தது. தோமஸ் 1990 இல் நோபல் பரிசு பெற்றார். இதனால் நலம் பெறக்கூடிய நோய்களுள் ஒன்று தலசீமியா. ஈமோகுளோபின் ஆக்கத்திலுள்ள பரம்பரைக் குறையால், கடும் தலசீமியாவுற்ற குழந்தை வாரங்கள் சிலவற்றுக்கு ஒருமுறை குருதியேற்றியே வாழவேண்டும். ஏற்றிய குருதியின் இரும்போ இதயத்திலும் ஈரலிலும் படிந்து ஊறு செய்யும். 1986 இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் மாமன் சாண்டி தலைமையில் மச்சை மாற்றுச் சிகிச்சை தொடங்கியபோது, தலசீமியாக் குழந்தைகளே அதன் முதற்பயனாளருள் அடங்கினர். பெருஞ்செலவுடைய இச்சிகிச்சையை நம் நாடுகளின் நிலைமைக்கேற்ப நடத்தலாம் என்பதை வேலூர் காட்டியது. சாண்டிக்கு 2019 இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

வேலூர் சிகிச்சையோடு நின்றுவிடவில்லை. மூலக்கல ஆய்வு நிலையமும் எழுந்தது. அங்கு மருத்துவர் அலோக் ஸ்ரீவாஸ்தவாவும் குழுவினரும், கடும் ஈமோபீலியா நோயுற்ற ஐவரின் சொந்த மூலக்கலங்களிலே குருதி உறைவதற்கான பரம்பரை அலகைப் புகுத்தி மீள ஏற்றினர். நோக்கிய காலம் முழுவதும் ஐவருக்கும் நோயாலான குருதிப்பெருக்கு நிகழவில்லை என 2024 இறுதியில் அறிவித்தனர். ஐவர் என்பது சிறு தொகையே. நெடுங்கால விளைவை ஆண்டுகளே காட்டும். எனினும் ரொறன்ரோவின் எண்ணற்கணக்கு இங்கே ஒரு மனிதனின் வலியற்ற நாளாகக் கனிந்தது.

இவ்வரலாறு நமக்குரைப்பது யாது? மருத்துவர் மட்டும் முயன்றபோது சிகிச்சை இருளிலே தடுமாறிற்று. அளப்பவரும் உடன் நின்றபோது வழி புலப்பட்டது. தலசீமியா நம் இலங்கைக்கும் அயலானதன்று. குருநாகலில் குருதிக்காகக் காத்திருக்கும் சிறுவரைப் பற்றி இலங்கை மருத்துவரும் ஒக்ஸ்போர்ட் அறிஞர் டேவிட் வெதரலும் இணைந்து செய்த ஆய்வு, 2000 இல் லான்செற் சஞ்சிகையில் வெளியாகி, ஆசிய நாடுகள் பலவற்றுக்கு எச்சரிக்கையாய் அமைந்தது. ஆகவே ஆய்வுக்குரிய கட்டில்களும் கண்களும் நம்மிடம் உள. பல்கலைக்கழக மாணவராகிய நாம், இவ்வாய்வால் உடனடிப் பயன் யாது என வினவுவதற்கு முன், ஞாயிற்றுக்கிழமையில் முண்டுகளை எண்ணிய அம்மருத்துவரை நினைத்துக்கொள்வோமாக. கட்டிலுக்கு அருகே ஆய்வுகூடம் அமையும் நாளிலேதான் குருநாகற் சிறுவனின் காத்திருப்பும் குறையும்.