பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் ‘ஓவர்கால்’: எதிரணி கேட்ட பிறகு எப்போது குறுக்கே கேட்கலாம்?

சீட்டுக்கட்டைக் கையில் எடுத்தாலே “சூதாட்டமா?” என்று கேட்கும் வீடுகள் நம்மிடையே நிறைய உண்டு. ஆனால், 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜ் பதக்கத்துக்குரிய விளையாட்டாகவே இடம்பெற்றது. ஆடவர் இணையர் பிரிவில் தங்கம் வென்ற இந்தியாவின் பிரணாப் பர்தனுக்கு வயது 60, அவரின் இணை ஷிப்நாத் சர்க்காருக்கு 56. மலேசியாவுக்காக ஆடிய லீ ஹங் ஃபோங்குக்கு 81!

இந்தப் போட்டிகளில் ஒரே சீட்டுகளைத்தான் எல்லா மேசைகளிலும் ஆடுவார்கள். ஆகவே, “அவனுக்கு நல்ல சீட்டு விழுந்துடுச்சு” என்ற சாக்கு இங்கே அவ்வளவாக எடுபடாது. ஆட்டத்தின் பாதி ஏலத்திலேயே முடிந்துவிடும். அதில் புதியவர்களை அதிகம் குழப்புவது ஓவர்கால்.

ரயில்வே வேலைக்கு வந்து பிரிக்ஃபீல்ட்ஸில் குடியேறிய யாழ்ப்பாணத் தமிழர் குடும்பமா உங்களுடையது? அப்படியானால் தாத்தாவிடம் ‘முந்நூற்று நாலு’ பற்றிக் கேட்டுப் பாருங்கள். அங்கேயும் நான்கு பேர், இரண்டு அணி, ஏலம், துருப்பு எல்லாம் உண்டு. முதல் நான்கு சீட்டைப் பார்த்ததுமே 160-இலிருந்து கேட்கத் தொடங்கலாம். ஒரு பெரிய வித்தியாசம் மட்டும் இருக்கிறது. முந்நூற்று நாலில் கேட்டவர் துருப்பைக் கவிழ்த்து வைத்து மறைப்பார். பிரிட்ஜில் “ஒரு ஸ்பேட்” என்று இனத்தைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். அதாவது, ஒவ்வொரு ஏலமும் இணைக்குப் போகும் ஒரு தகவல். அதை எதிரணியும் கேட்டுக்கொண்டுதான் இருக்கும்.

ஆளுக்கு 13 சீட்டு, மொத்தம் 13 பிடி. “ஒன்று” என்றால் ஆறுக்கு மேல் ஒன்று, ஏழு பிடி எடுப்பேன் என்று பொருள். கிளப், டைமண்ட், ஹார்ட், ஸ்பேட், துருப்பில்லா ஆட்டம் என ஏலம் அந்த வரிசையில் ஏறும். ஏஸ் 4, கிங் 3, குயின் 2, ஜாக் 1 என்று கையை எண்ணிப் பார்ப்பார்கள். ஏலத்தைத் தொடங்க வழக்கமாக 12 புள்ளி அளவில் தேவை.

எதிரணி தொடங்கிய பிறகு நீங்கள் கேட்பதுதான் ஓவர்கால். இதற்குப் புள்ளி குறைவாக இருந்தாலும் போதும், ஆனால் இனம் நீளமாகவும் வலுவாகவும் இருக்க வேண்டும். உங்களுக்கு முன்னால் இருப்பவர் “ஒரு டைமண்ட்” என்கிறார். உங்கள் கையில் ஸ்பேடில் கிங், குயின், ஜாக், 9, 5, கிளப்பில் கிங், 6, 2, மற்றவை சில்லறை. மொத்தம் 9 புள்ளிதான். தயங்காமல் “ஒரு ஸ்பேட்” கேளுங்கள். அடுத்தவர் “ஒரு ஹார்ட்” சொல்ல நினைத்திருந்தால், அந்த வழி அடைபட்டுவிட்டது. ஏலத்தை அவர்களே வென்றாலும், முதல் சீட்டு போடும் முறை உங்கள் இணைக்கு வந்தால் எதை இறக்குவது என்று அவருக்குத் தெரியும்.

இப்போது மாற்றிப் பாருங்கள். 12 புள்ளி இருக்கிறது, ஆனால் ஸ்பேடில் ஜாக், 8, 6, 4, 2 மட்டுமே. “ஐந்து சீட்டு இருக்கே” என்று கேட்டுவிடாதீர்கள். உங்களை நம்பி இணை தன் ஸ்பேட் கிங்கிலிருந்து சின்ன சீட்டை இறக்கினால், எதிரணிக்கு ஒரு பிடி இலவசம். என்னைக் கேட்டால், புதியவர்கள் அதிகம் இழப்பது இங்கேதான்.

எதிரணி தொடங்கிய இனம் உங்களிடம் குறைவு, மற்ற மூன்றும் ஓரளவு இருக்கின்றன, தொடங்கும் அளவு பலமும் உண்டு என்றால் எந்த இனத்தையும் சொல்லாமல் “டபுள்” சொல்லலாம். “நீயே ஒன்றைத் தேர்ந்தெடு” என்று இணையிடம் கேட்பதுதான் இது. இரண்டாம் படியில் குறுக்கே கேட்பதென்றால் இன்னும் நல்ல கை வேண்டும். பொதுவாக ஆறு சீட்டு இருந்தால் நல்லது.

தோற்பதற்கென்றே கேட்பதும் உண்டு. ‘வல்னரபிள்’ நிலையில் எதிரணி நான்கு ஹார்ட் எடுத்து முடித்தால் அவர்களுக்கு 620 புள்ளி. அந்த நிலையில் இல்லாத நீங்கள் நான்கு ஸ்பேட் கேட்டு, அவர்கள் டபுள் சொல்லி, மூன்று பிடி குறைந்தால் இழப்பு 500. தோற்றும் 120 மிச்சம். நான்கு பிடி குறைந்தால் இழப்பு 800, கணக்கு தலைகீழாகிவிடும். நீங்களும் வல்னரபிள் என்றால் மூன்று பிடிக்கே 800 போய்விடும். ஆகவே, வாயைத் திறப்பதற்கு முன் பலகையில் யார் வல்னரபிள் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டு மேசையில் நடக்கும் கண் சாடை, தொண்டைக் கனைப்பு எதுவும் இங்கே செல்லாது. பெரிய போட்டிகளில் ஏலத்தை வாயால்கூடச் சொல்ல மாட்டார்கள், பெட்டியிலிருந்து அட்டையை எடுத்து வைப்பார்கள். இணை நீண்ட நேரம் யோசித்துவிட்டு “பாஸ்” சொன்னால், அந்தத் தயக்கத்தை வைத்து நீங்கள் முடிவெடுக்கக் கூடாது. எடுத்தால் எதிரணி நடுவரை அழைக்கலாம், அவர் புள்ளியை மாற்றியும் எழுதலாம்.