அலையும் பலகையும்

விளையாட்டு வேறு, வாழ்க்கைப் பயன் வேறு என்று எண்ணுவது நம்மில் பலருக்கு வழக்கம். அலையின் மேலேறிக் கரைசேரும் ஒரு விளையாட்டின் வரலாறு அவ்வெண்ணத்தை மாற்றவல்லது. அதைச் சிறிது காண்போம்.

பசிபிக் மாகடலின் நடுவே அமைந்த ஹவாய்த் தீவுகளில் அலைச்சறுக்கு நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. 1779-ஆம் ஆண்டில், மாலுமி ஜேம்ஸ் குக்கின் கப்பலில் சென்ற ஜேம்ஸ் கிங் என்னும் அதிகாரி அதைக் கண்டு வியந்து எழுதிவைத்தார். தலைவரும் குடிகளும், ஆடவரும் பெண்டிரும் அலையேறி மகிழ்ந்தனர். கோவா, விலிவிலி முதலிய மரங்களைச் செதுக்கிப் பலகை செய்தனர். மரத்தை வெட்டுமுன் அதன் அடியில் ஒரு மீனைக் காணிக்கையாக வைத்து வணங்குவது மரபு என்பர். பலகை செய்வது ஒரு கலை. அதன்மேல் நிமிர்ந்து நிற்பது மற்றொரு கலை.

அந்த ஆனந்தம் நிலைக்கவில்லை. 1820-இல் வந்த அமெரிக்கச் சமயப் பிரசாரகர்களுக்கு, ஆணும் பெண்ணும் குறைந்த ஆடையுடன் கூடிக் களிப்பது உவப்பாயில்லை. அதைவிடக் கொடியவை கப்பல்களோடு வந்த நோய்கள். தட்டம்மையும் பெரியம்மையும் ஊர்களைச் சூறையாடின. 1893-இல் லிலியுவோகலானி அரசியார் ஆட்சியை இழந்தார். 1896-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், கலப்பினத்தாரையும் சேர்த்து, ஹவாய் மக்கள் ஏறத்தாழ 40,000 பேரே எஞ்சியிருந்தனர். ஏறுவார் அருகிய அலைகள் தாமே கரையில் மோதித் திரும்பின.

எஞ்சிய சிலரிடையே, 1890-இல் ஹோனலூலுவில் பிறந்தவர் ட்யூக் கஹானமோகு. வைக்கீக்கிக் கடற்கரையே அவர் கல்விக்கூடம். 1912-இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் நூறு மீட்டர் நீச்சலில் தங்கப் பதக்கம் பெற்று உலகப்புகழ் எய்தினார். அப்புகழ் கொண்டுசென்ற நாடுகளுக்கெல்லாம் தம் முன்னோரின் கலையையும் உடன் கொண்டுசென்றார். சிட்னி நகரை அடுத்த ஃப்ரெஷ்வாட்டர் கடற்கரையில், அவ்விடத்திலேயே ஒரு பலகையைச் செய்து, 1915-இன் தொடக்கத்தில் அலையேறிக் காட்டினார்.

ஆயினும் அவர் வாழ்வின் உச்சம் பதக்க மேடையில் நிகழவில்லை. 1925 ஜூன் 14 அன்று, கலிபோர்னியாவின் நியூபோர்ட் துறைமுக வாயிலருகே, ‘தெல்மா’ என்னும் மீன்பிடிப் படகு பேரலையில் கவிழ்ந்தது. 29 பேர் நீரில் வீழ்ந்தனர். கரையில் நின்ற கஹானமோகு பலகையை எடுத்துக்கொண்டு கொந்தளிக்கும் கடலுக்குள் பாய்ந்தார். தத்தளித்தோரைப் பலகையில் ஏற்றிக் கரைசேர்த்து, மீண்டும் மீண்டும் சென்றார். 17 பேர் மாண்டனர். பிழைத்த 12 பேரில் எண்மரை மீட்டவர் அவரே. அதன்பின், கடற்கரைக் காவலரிடையே பலகை உயிர்காக்கும் கருவியாக மதிப்புப் பெற்றது.

அன்று அவருக்குக் கைகொடுத்தது எது? எந்த அலை எப்போது உடையும், எதன்மேல் ஏறலாம், எதற்கு ஒதுங்க வேண்டும் என்ற அறிவு. அதை எவரும் கடமையாகக் கற்பிக்கவில்லை. இளமை முதல் ஆடி மகிழ்ந்ததாலேயே அது உடலில் ஊறியிருந்தது. வீண்பொழுது என்று ஒருகாலத்தில் பழிக்கப்பட்ட களிப்பு, எட்டுக் குடும்பங்களுக்கு உயிரைத் திருப்பித் தந்தது. 1968-இல் அவர் மறைந்தபோது, அவரது அஸ்தி வைக்கீக்கிக் கடலில் கரைக்கப்பட்டது. அவர் முதன்முதல் மகிழ்ச்சியைக் கண்டதும் அந்தக் கடலிலேதான்.