சட்டியும் அகப்பையும்: கம்ப்யூட்டர் பாடக் கத்துக்கிட்ட கதை

போன மாசம் ஒரு முடிவு பண்ணேன். சாப்பாட்டுச் செலவைக் கொஞ்சம் இழுத்துப் பிடிச்சாவது ஒரு நல்ல டேக் வாங்கிடறதுன்னு. டேக்னா வேற ஒண்ணுமில்லைங்க, கம்ப்யூட்டருக்குள்ள வெறும் எண்களா இருக்கற பாட்டை, ஹெட்ஃபோனுக்குப் புரியற மின் அலையா மாத்திக் கொடுக்கற சமாச்சாரம். எல்லா லேப்டாப்புக்குள்ளயும் ஒண்ணு இருக்கு. வெளியில யூஎஸ்பியில் மாட்டற மாதிரி தனி டப்பாவாவும் விக்கறாங்க. அப்பா பென் டிரைவ்ல போட்டுக் கொடுத்த பாட்டையெல்லாம் இங்க சிங்கப்பூர் ரூம்ல கேட்டா தகர டின்னுக்குள்ள இருந்து பாடற மாதிரி இருந்துச்சு. டப்பா வாங்கினா சரியாயிடும்னு ஒரு நினைப்பு.

வாங்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் படிப்போமேன்னு உட்கார்ந்தேன். அசைன்மெண்ட் கிடப்புல போச்சு, நாப்பது வருஷத்துக் கதை ஒண்ணு கிடைச்சுது.

1981-ல் வந்த ஐபிஎம் பிசிக்குள் ஒரு குட்டி ஸ்பீக்கர் இருந்தது. அதுக்குத் தெரிஞ்சது ரெண்டே நிலைதான், ஆன், ஆஃப். "பீப்"னு கத்தும், அவ்வளவுதான் சங்கீதம். 1987-ல் கனடாவின் ஆட்லிப் நிறுவனம் யமஹா சிப் வச்சு ஒரு கார்டு கொண்டு வந்தது. வாத்திய ஓசை மாதிரி ஒண்ணை உண்டாக்க முடிஞ்சுது. ஆனா பதிவு பண்ணின மனுஷக் குரலை அப்படியே ஒலிக்கறதுக்கு ஆன கார்டு இல்ல அது.

அந்தக் குறையைத் தீர்த்தது நான் இப்ப இருக்கற ஊர்க்காரர்! சிம் வோங் ஹூ. 1981-ல் இங்க சைனாடவுன் பக்கம் பேர்ல்ஸ் சென்டர்ங்கற கட்டடத்துல கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையா ஆரம்பிச்சதுதான் கிரியேட்டிவ் நிறுவனம். அவங்க 1989-ல் விட்டதுதான் சவுண்ட் பிளாஸ்டர். அந்த ரோடு வழியா எத்தனையோ தடவை நடந்திருக்கேன், இது தெரியாமலே. அந்தக் கட்டடம் இப்ப இல்ல. சிம் வோங் ஹூவும் 2023 ஜனவரியில் காலமாயிட்டார்.

முதல் சவுண்ட் பிளாஸ்டர் 8 பிட், மோனோ. 8 பிட்னா ஒலியை 256 படிகளில் அளக்கலாம். 1982-லயே வந்துட்ட ஆடியோ சிடியோ 16 பிட், அதாவது 65,536 படிகள், விநாடிக்கு 44,100 தடவை அளவு. 1992-ல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் 16 காகிதக் கணக்குல அதை எட்டிப் பிடிச்சுது. காகிதத்துல மட்டும்தான். பெட்டிக்குள்ள ஃபேன், ஹார்ட் டிஸ்க், பவர் சப்ளை எல்லாம் பக்கத்துலயே உட்கார்ந்து போடற மின் இரைச்சல் பாட்டோட கலந்துச்சு. மவுஸை நகர்த்தினா ஸ்பீக்கர்ல 'கிர்ர்ர்'னு கேக்குமே, அது.

1997-ல் இன்டெல் கொண்டு வந்த ஏசி97 தரத்தால் சவுண்ட் வசதி மதர்போர்டுலயே சல்லிசா வந்தது. தனி கார்டு வாங்கவேண்டிய செலவு மிச்சம். ஆனா அதோட அடிப்படைத் தாளம் விநாடிக்கு 48,000. சிடிப் பாட்டோ 44,100. நிறைய போர்டுகள்ல ஒண்ணை இன்னொண்ணா மாத்தித்தான் ஒலிக்கணும், மாத்தற கணக்கை மட்டமா போட்டா பாட்டு கெடும். விண்டோஸும் தன் பங்குக்கு நடுவுல புகுந்து எல்லா ஓசையையும் கலக்கிச்சு. அந்தக் கலக்கலைத் தாண்டிப் போக ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997-லயே ஏசியோன்னு ஒரு குறுக்கு வழி போட்டது. விண்டோஸ் தானே அப்படி ஒரு வழியை விட்டது 2007-ல், விஸ்டாவோட. அதுக்குள்ள இன்டெல்லும் 2004-ல் ஏசி97-ஐ ஓரங்கட்டிட்டு ஹெச்டி ஆடியோவைக் கொண்டு வந்திருந்தது. டேக்கையே பெட்டியை விட்டு வெளியே எடுத்து யூஎஸ்பியில் மாட்டற பழக்கமும் பரவினதால, பெட்டி இரைச்சலுக்கும் ஒரு முடிவு வந்தது.

இத்தனையும் அகப்பையைச் செப்பனிட்ட கதை. சட்டியில என்ன இருந்துச்சு?

அங்கதான் ஜெர்மனி வருது. எர்லாங்கன் ஊரில் உள்ள ஃபிரான்ஹோஃபர் ஆய்வகத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பெர்க் முதலானவர்கள் வருஷக்கணக்கா உழைச்சு உருவாக்கின முறைக்கு, 1995 ஜூலை 14 அன்று '.எம்பி3'ங்கற வால் பேர் முடிவாச்சு. ஒரு பெரிய சத்தம் பக்கத்துல இருக்கற சின்னச் சத்தத்தைக் காதுக்குத் தெரியாம மறைச்சிடும். அப்படி மறையறதைத் தூக்கிப் போட்டா இடம் மிச்சம். சிடிக்கு விநாடிக்கு 1,411 கிலோபிட் வேணும், எம்பி3-ல் 128 போதும்னாங்க. பதினோரு மடங்கு சுருக்கம்! நம்ம ஊர் பிளாட்பாரத்துல ஒரே சிடியில 150 பாட்டு வித்தாங்களே, அந்த மாயம் இதுதான்.

தப்பு எம்பி3 மேல இல்ல. நல்லா சுருக்கின 256, 320-க்கெல்லாம் பெரும்பாலான காதுக்கு வித்தியாசமே தெரியாது. 128-ல், அதுவும் மட்டமான மென்பொருள்ல சுருக்கினாத்தான் ஜால்ரா சத்தம் 'ஸ்ஸ்ஸ்'னு தண்ணியில கரையும். ஒண்ணையும் தூக்கிப் போடாத ஃபிளாக் 2001-ல்தான் வந்தது. அது சிடியில பாதி அளவுக்குத்தான் சுருங்கும், அன்னிக்கு டிஸ்க் இருந்த நிலைமைக்கு யாருக்குக் கட்டுபடி?

இன்னொரு சோதனையும் படிச்சேன். சிடியை விட உசத்தின்னு வந்த பதிவுகளை, நேராவும், நடுவுல சிடித் தரத்துக்கு இறக்கியும், எது எதுன்னு சொல்லாம கேக்க வச்சாங்க மேயர், மோரன்ங்கற ரெண்டு பேர். 2007-ல் வெளியான முடிவு: 554 தடவையில் சரியா சொன்னது 276. பூவா தலையா போட்டாலும் அவ்வளவு வந்திருக்கும் :-)

இவ்வளவும் படிச்சப்புறம்தான் புத்தி வந்தது. அப்பாவோட ஃபைல்களை ஒலியைப் படமாக் காட்டற மென்பொருள்ல திறந்து பார்த்தேன். 16,000 ஹெர்ட்ஸுக்கு மேல கத்தரி வச்சு வெட்டின மாதிரி காலி. சிலது 320-ன்னு பேர் போட்டிருந்துச்சு, உள்ள அதே வெட்டு. யாரோ 128-ஐ 320-ஆ மாத்தியிருக்காங்க. தண்ணி ஊத்திப் பெருக்கின சாம்பார். பாட்டுகள் போகட்டும், நல்ல பதிவா இப்ப வாங்கிக்கலாம்.

அதுல ஒரு ஃபைல் மட்டும் எங்கயும் வாங்க முடியாதது. எங்க அப்பத்தா திருப்புகழ் பாடினது. கேசட்ல இருந்ததை அப்பா 2004-ல் எங்க முதல் கம்ப்யூட்டர்ல ஏத்தி, 64-ல் சுருக்கி வச்சிருக்கார். அவரைக் குத்தம் சொல்ல முடியாது. ஒரு மணி நேரத்தைச் சிடித் தரத்துல வச்சா 635 எம்பி, 64-ல் 29 எம்பி. எங்க வீட்டு டிஸ்க்கே 40 ஜிபி. ஆனா அந்த ஃபைல்ல அப்பத்தா எங்க மூச்சு வாங்கறாங்கன்னுகூடத் தெரியல. எத்தனை ஆயிரம் டாலர் டேக் வச்சாலும் இனி தெரியாது.

ராத்திரியே போன் போட்டேன்.

"அப்பா, அப்பத்தா கேசட்ட என்ன பண்ணீங்க?"

"ஏம்மா, அதான் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சே. பரண்ல கிடக்கும், இல்லைன்னா வீடு மாத்தறப்ப போட்டிருப்போம்."

மறுநாள் சாயங்காலம் போட்டோ அனுப்பினார். கேசட் இருக்கு! நாடா ஓரத்துல வெள்ளையா ஏதோ படிஞ்சிருக்கு, பூஞ்சையா தூசியான்னு போட்டோவுல தெரியல. அதை எதுலயும் போட்டு ஓட்டிப் பார்க்காதீங்கன்னு கெஞ்சி வச்சிருக்கேன்.

டேக் வாங்கல. அந்தக் காசு ஒரு நல்ல டேப் டெக்கைச் சரி பண்ணவும், நாடாவைச் சுத்தம் பண்ணத் தெரிஞ்ச ஆளுக்கும். தீபாவளிக்கு ஊருக்கு டிக்கெட் போட்டாச்சு. இந்தத் தடவை சுருக்கறதா இல்ல.

உங்க வீட்டுப் பரண்லயும் ஏதாவது கிடக்குதான்னு பாருங்க. ஸ்பீக்கரை அப்புறம் மாத்திக்கலாம்.