கூட்டமும் தொண்டும்: றோட்டரிக் கழக வரலாறு பற்றிய ஒரு நோக்கு

சமூக சேவைக் கழகங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவை ஆற்றிய தொண்டுகளையே நிரற்படுத்துவர். கட்டிய கட்டடங்களும் வழங்கிய உதவிகளும் ஏட்டிலே பதிவாகின்றன. அவற்றைத் தீர்மானித்த வாராந்தக் கூட்டங்களோ மறக்கப்படுகின்றன. ஆயின், ஒழுங்காகக் கூடும் வழக்கத்திலிருந்தே இத்தகைய கழகங்களின் வலிமையும் குறைபாடும் ஒருங்கே தோன்றின என்பதை றோட்டரிக் கழகத்தின் வரலாறு நன்கு புலப்படுத்துகின்றது.

1905ஆம் ஆண்டு பெப்ரவரி 23ஆந் திகதி சிக்காகோ நகரிலே, சுரங்கப் பொறியியலாளர் ஒருவரின் அலுவலக அறையில் நால்வர் கூடினர். கூட்டத்துக்குக் காரணராயிருந்தவர் போல் ஹரிஸ் என்னும் வழக்கறிஞர். ஏனைய இருவருள் ஒருவர் நிலக்கரி வணிகர்; மற்றவர் தையற்றொழில் நடத்தியவர். சிற்றூரிலே வளர்ந்த ஹரிஸ், பெருநகரில் அறிமுகம் பலவிருந்தும் நட்பு அரிதாயிருத்தலை உணர்ந்தவர். உறுப்பினரின் தொழிலகங்களிலே கூட்டம் சுழன்று நடைபெற்றமையால் 'றோட்டரி' என்னும் பெயர் உண்டாயிற்று. ஒரு தொழிலுக்கு ஒருவரே உறுப்பினர் என்ற விதியும் வகுக்கப்பட்டது.

தொடக்கத்திலே பொதுத்தொண்டு இக்கழகத்தின் நோக்கமாக இருக்கவில்லை. தோழமை கொள்வதும் ஒருவர் தொழிலை மற்றவர் ஆதரிப்பதுமே அதன் குறிக்கோள்கள். 1906இல் உறுப்பினராகுமாறு அழைக்கப்பட்ட டொனால்ட் கார்ட்டர் என்னும் வழக்கறிஞர், தன் உறுப்பினருக்கன்றிப் பிறர்க்குப் பயன்படாத சங்கத்திலே சேர மறுத்தார். கழகம் அம்மறுப்பைப் பகையாகக் கொள்ளவில்லை. நகரின் நலனையும் தன் குறிக்கோள்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. 1907இல் சிக்காகோவிலே பொது மலசலகூடம் அமைப்பதற்கான முயற்சியை அது தொடங்கிற்று. மதுச்சாலைகளும் பெருங்கடைகளும் தம் வாடிக்கையாளருக்கு அவ்வசதியை அளித்து வந்தமையால், மதுபான உற்பத்தியாளரும் கடைக்காரரும் அதனை எதிர்த்தனர். பொருள் வாங்காதவனுக்கும் நகரிலே இடமுண்டா என்பதே அங்கு எழுந்த உண்மையான வினா எனலாம்.

1910இல் 16 கழகங்கள் ஒன்றுகூடித் தேசிய சங்கமாயின. 1929இல் கொழும்பிலும் ஒரு கழகம் நிறுவப்பட்டது. கூட்டத்துக்கு வாராதார் வேறொரு கழகத்தின் கூட்டத்திற் கலந்து அக்குறையை ஈடுசெய்யலாம் என்னும் அளவுக்கு வருகை வற்புறுத்தப்பட்டது. இவ்விதி வெறுஞ் சடங்கன்று. இன்று ஒரு பணியை ஏற்றவர் அடுத்த வாரம் அதே முகங்களுக்கு விடையிறுக்க வேண்டியவராகின்றார். தலைவர்கள் ஆண்டுதோறும் மாறும் இவ்வமைப்பிலே, நெடும்பணிகளைத் தொடரச் செய்தது இப்பழக்கமே எனக் கருதலாம். 1979இல் பிலிப்பைன்ஸ் தீவுகளிலே தொடங்கிய இளம்பிள்ளைவாதத் தடுப்புப் பணி 1985இல் உலகளாவிய திட்டமாயிற்று. உலக சுகாதார நிறுவனம், அரசுகள், பிற அமைப்புகள் ஆகியவற்றோடு கழகங்களும் உழைத்தன. 2014 மார்ச்சில், இலங்கை உள்ளிட்ட தென்கிழக்காசியப் பிராந்தியம் அந்நோயற்றதெனச் சான்றளிக்கப்பட்டது.

எனினும், கூட்டத்தை வலுப்படுத்திய விதிகளே அதன் கதவையும் ஒடுக்கின. அழைக்கப்பட்டோர் மட்டுமே அமரக்கூடிய மேசையிலே, வேலைநாளின் நண்பகலில் ஓய்வு பெறவியலாத தொழிலாளருக்கு இடமிருக்கவில்லை. பெண்களோ விதியாலேயே விலக்கப்பட்டிருந்தனர். கலிபோர்ணியாவிலுள்ள டுவார்ட்டே என்னும் ஊரின் கழகம், உறுப்பினர் தொகை குறைந்த நிலையில், 1977இல் மூன்று பெண்களைச் சேர்த்தது. மறுவருடம் அதன் அங்கீகாரம் நீக்கப்பட்டது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1987 மே 4ஆந் திகதி வழங்கப்பட்ட தீர்ப்பு பெண்களுக்குச் சார்பாக அமைந்தது. இத்தகைய கழகம் குடும்பம் போன்ற அந்தரங்க உறவன்று என்பது நீதிமன்றத்தின் கருத்து. 1989இல் றோட்டரியின் சட்டவாக்கப் பேரவை ஆண்களுக்கே உரித்தென்ற விதியை உலகெங்கும் நீக்கிற்று. 2022இல் ஜெனிபர் ஜோன்ஸ் அகில உலகத் தலைவராகப் பதவியேற்ற முதற் பெண்மணியானார்.

டொனால்ட் கார்ட்டர் எழுப்பிய ஐயம் யாருக்காகக் கூடுகிறோம் என்பது. டுவார்ட்டேக் கழகம் எழுப்பிய ஐயம் யாரோடு கூடுகிறோம் என்பது. முதல் வினாவுக்குக் கழகம் ஈராண்டுக்குள் விடை கண்டது. இரண்டாவதற்கு விடை காண எண்பதாண்டுகளுக்கு மேல் சென்றன. பிறர்க்கு உதவுவதிலும் பிறரை அருகே அமர்த்துவது கடினம் என்பதற்கு இக்கால வேறுபாடே சான்று. தொண்டுகளின் பட்டியலை மட்டுமன்றி, வரவுப் பதிவேட்டிலே இடம்பெறாத பெயர்களையும் ஆராய்தல் வரலாற்று மாணவர் கடனாகும். சங்கங்களை நடத்தும் நமக்கும் அது பொருந்தும்.