உல்ம் குன்றின் வடிவமைப்புக் கல்லூரி

பல்கலைக்கழகத்தில் நான்காம் ஆண்டு எங்களுக்குப் ‘பொறியாளரும் சமூகமும்’ என்று ஒரு பாடம் இருந்தது. இரண்டு கிரெடிட். வெள்ளிக்கிழமை மாலை வகுப்பு. வெப்ப இயக்கவியலுக்கு விடியவிடியக் கண்விழித்தவர்கள்கூட இந்தப் பாடத்துக்கு முந்தின இரவு சிலைடுகளைப் புரட்டினால் போதும் என்று இருந்தோம். வடிவமைப்பு என்றால் அளவு, எடை, தாங்குதிறன், செலவு. சமூகம் என்பது எல்லாம் முடிந்தபிறகு அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் வரும் ஒரு பத்தி. நானும் அப்படி ஒரு பத்தி எழுதித்தான் ‘ஏ’ வாங்கினேன்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம், பிளாஸ்டிக் பொருள்களை வார்க்கும் ஓர் இயந்திரத்துக்குக் கட்டுப்பாட்டுப் பலகை வரைந்தேன். அதில் இரண்டு பொத்தான்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒரே அளவு, ஒரே சாம்பல் நிறம், கீழே ஆங்கிலத்தில் பெயர். ஒன்று இயந்திரத்தை மறுபடி தயார்நிலைக்குக் கொண்டுவரும். இன்னொன்று உள்ளே உருகியிருக்கும் பிளாஸ்டிக்கை வெளியே தள்ளிவிடும். ஒருநாள் போய்ப் பார்த்தால், இரண்டாவது பொத்தானுக்கு மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி நேப்பாளியில் ஏதோ எழுதியிருந்தது. அந்த இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் நேப்பாள அண்ணனிடம் கேட்டேன்.

“புதுசா வந்த பையன் குழம்புறான் போஸ், அதான்” என்றார் மலாயில்.

“ஆடிட் வருது அபாங், எடுத்துடுங்க” என்றேன். எடுத்துவிட்டார்.

இரண்டு வாரத்தில் அந்தப் பையன் பொத்தானை மாற்றி அழுத்தினான். உருகிய பிளாஸ்டிக் அவன் கைக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. விபத்து அறிக்கையில் ‘காரணம்’ என்ற கட்டத்துக்குள் ‘பணியாளரின் கவனக்குறைவு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்தான். அது உண்மையில்லை என்று எழுதும்போதே தெரியும்.

படிக்கிற காலத்தில் தவறவிட்டதை இப்போதாவது படிப்போமே என்று வடிவமைப்புக் கல்வியின் வரலாற்றைத் தேடினேன். அப்படித்தான் ஜெர்மனியில் உல்ம் நகரத்தில் இருந்த ஒரு கல்லூரியின் கதை கிடைத்தது.

அந்தக் கதை ஒரு மரண தண்டனையில் தொடங்குகிறது. 1943 பிப்ரவரி 18 அன்று மியூனிக் பல்கலைக்கழகத்தில், ஹிட்லர் ஆட்சிக்கு எதிரான துண்டுப் பிரசுரங்களைப் பரப்பியதற்காக ஹான்ஸ் ஷோல், சோஃபி ஷோல் என்ற அண்ணனும் தங்கையும் பிடிபட்டார்கள். நான்கே நாளில் இருவரும் தலை வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அண்ணனுக்கு வயது 24, தங்கைக்கு 21. இருவரும் உல்மில் வளர்ந்தவர்கள். அடுத்த வருடம் டிசம்பரில் குண்டுவீச்சில் அந்த ஊரின் பழைய பகுதி பெரும்பாலும் அழிந்துபோனது.

அவர்களுடைய அக்கா இங்கெ ஷோல், போர் முடிந்ததும் 1946இல் உல்மில் பொதுமக்களுக்கான ஒரு கல்வி நிலையத்தைத் தொடங்கினார். அவரும், பின்னாளில் அவருக்குக் கணவரான ஓட்ல் ஐஷரும் அடுத்து ஒரு கல்லூரி தொடங்க நினைத்தார்கள். ஜனநாயகத்தைச் சொல்லித்தரும் கல்லூரி. அரசியலும் இதழியலும் முக்கியப் பாடங்கள். சுவிட்சர்லாந்துக் கலைஞர் மாக்ஸ் பில் இவர்களோடு சேர்ந்தபிறகு அது வடிவமைப்புக் கல்லூரியாக மாறியது. நாஜிகளின் நெருக்குதலால் 1933இல் மூடப்பட்ட பௌஹவுஸ் பள்ளியில் படித்தவர் பில்.

அரசியல் கல்லூரி எப்படி வடிவமைப்புக் கல்லூரி ஆகும் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. யோசித்துப் பார்த்தால், வடிவமைப்பின் பலம் நாஜிகளுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. கொடி, சீருடை, சுவரொட்டி, ஆட்சியின் குரலை வீட்டுக்கு வீடு கொண்டுபோன மலிவு வானொலிப்பெட்டி, எல்லாவற்றையும் யாரோ படித்தவர்கள்தான் வரைந்து கொடுத்திருக்கிறார்கள். அப்படியென்றால் அடுத்த தலைமுறை எதை வரையும், யாருக்காக வரையும் என்பது அரசியல் கேள்விதானே.

1953இல் வகுப்புகள் தொடங்கின. 1955இல் கூபெர்க் குன்றின்மேல் பில் வரைந்த கட்டடம் திறக்கப்பட்டது. அதே குன்றில் இருந்த பழைய கோட்டையை 1933 முதல் 1935வரை நாஜிகள் வதைமுகாமாக வைத்திருந்தார்கள். கல்லூரியில் பணம் குறைவு. உட்காருவதற்குப் பில்லும் ஹான்ஸ் குகெலோட்டும் 1954இல் எளிமையான ஒரு மர ஸ்டூல் செய்தார்கள். மூன்று பலகை, குறுக்கே ஒரு உருளைக் கட்டை. உட்காரலாம், மேசையாக்கலாம், புத்தகங்களை அடுக்கிக் கட்டையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகலாம்.

1957இல் பில் விலகினார். அர்ஜென்டினாவிலிருந்து வந்த தோமாஸ் மால்டொனாடோ போன்றவர்கள் பாடத்திட்டத்தை மாற்றினார்கள். அழகு என்பது ஒரு பொருளைத் தீர்மானிக்கும் பல காரணங்களில் ஒன்றுதான் என்று மால்டொனாடோ வாதிட்டார். சமூகவியல், குறியியல், கணிதம், பணிச்சூழலியல் எல்லாம் வடிவமைப்பு மாணவர்களின் பாடங்களாயின. எங்களைப்போல கடைசி வருடத்தில் இரண்டு கிரெடிட்டுக்கு அல்ல.

சண்டைகளும் இருந்தன. கோட்பாட்டு ஆசிரியர்கள் கை ஓங்குகிறது என்று வடிவமைப்பாளர்கள் கோபப்பட்டார்கள். அங்கே 1958 முதல் 1963வரை கற்பித்த ஹோர்ஸ்ட் ரிட்டெல் அமெரிக்காவுக்குப் போய்விட்டார். 1973இல் அவரும் மெல்வின் வெப்பரும் எழுதிய கட்டுரையில் ஒரு கருத்து வருகிறது: அறிவியலாளரின் கருதுகோள் தவறாகப் போகலாம், அதற்காக அவரை யாரும் குற்றம் சொல்வதில்லை, திட்டமிடுபவருக்கு அந்தச் சலுகை கிடையாது, அவர் செய்வதன் விளைவை அனுபவிப்பது வேறு மனிதர்கள். இதைப் படித்தபோது எனக்கு அந்த ஒரு சாண் தூரம்தான் ஞாபகம் வந்தது.

உல்மைப் புனிதமாக்க வேண்டியதில்லை. ஜனநாயகத்துக்காகத் தொடங்கிய கல்லூரியின் பாணி, பிரவுன் நிறுவனத்தின் வானொலிகள் வழியாக, வசதியானவர்களின் ரசனையாகவும் ஆனது. பயன்படுத்துகிறவனுக்கு எது நல்லது என்பதைப் பெரும்பாலும் வடிவமைப்பாளரே முடிவு செய்தார். 1968இல் மாநில அரசு நிதியை நிறுத்த, கல்லூரி மூடப்பட்டது. அப்போதைய மாநில முதல்வர் ஹான்ஸ் ஃபில்பிங்கர், போர்க்காலத்தில் கடற்படை நீதிபதியாக மரண தண்டனைகளில் பங்கெடுத்தவர் என்பது பின்னர் வெளிவந்து, 1978இல் பதவி விலகினார்.

கல்லூரி மூடினாலும் பாடம் அங்கேயே நிற்கவில்லை. உல்மில் படித்து அங்கேயே கற்பித்த குய் போன்சீப்பே 1968இல் சிலிக்குப் போனார். அயெந்தே ஆட்சியில், குழந்தைகளுக்குப் பால் கொடுக்கும் அரசுத் திட்டத்துக்காக அவருடைய குழு பால்பொடியை அளக்க ஒரு கரண்டி வடிவமைத்தது. அளவு தவறினால் பாதிக்கப்படுவது குழந்தை. ஒரு கரண்டிக்குள் இவ்வளவு சமூகம் இருக்கிறது.

நான் பலகையை மறுபடி வரைந்தேன். இந்த முறை கணினியைத் திறப்பதற்கு முன்னால், அட்டையில் வெட்டிய பொத்தான்களை அந்த நேப்பாள அண்ணன் முன்னால் பரப்பினேன். அவர் இரண்டாவது பொத்தானை எடுத்து மறுகோடியில் வைத்தார். “இதுக்கு ஒரு மூடி போடுங்க போஸ்” என்றார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

விபத்து அறிக்கையைத் திருத்த வேண்டும் என்று மேலாளரிடம் கேட்டேன். “முடிஞ்ச கேஸ ஏன்பா திறக்குற?” என்றார். மறுபடியும் கேட்டிருக்கிறேன், இந்தத் தடவை எழுத்தில். அந்தப் பையனின் கோப்பில் நான் எழுதிய இரண்டு சொற்கள் இன்னும் இருக்கின்றன. அவன் பெர்மிட்டைப் புதுப்பிக்கும் நேரத்தில் யாராவது அதைத் திறந்து படிப்பார்கள்.